மாடசாமியின் இரண்டாவது சாவு

மாடசாமி செத்த பிறகும் மூன்று வருஷம் தேஹு ரோட்டில் வேலை பார்த்தான். ராணுவக் கிடங்கில் காவல் வேலை. ராத்திரி டூட்டி. சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கேயே. புனாவை ஒட்டிய ஹடப்சரில் ஹௌசாபாயின் வரிசை வீடுகளில் குடியிருந்த எல்லோருக்கும் இது தெரியும். அவன் பெண்டாட்டி ஆனந்தவல்லிதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தாள்.

உண்மையில் அவன் எழுபத்தொன்பதில் சோலாப்பூர் சாலையில் லாரி கவிழ்ந்து செத்துப்போயிருந்தான். சிமெண்டு மூட்டைகளின் மேல் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டு வந்தவன், மூட்டைகளுக்கு அடியில் கிடந்தான். கூட வந்தவர்கள் வழியிலேயே எரித்துவிட்டு, புனாவில் தாங்கள் குடியிருந்த கோர்படிக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கு மேஸ்திரி ஜேசுராஜ். நாசரேத்துப் பக்கத்து ஆள். மாடசாமிக்கு அம்பாசமுத்திரம். ஊரில் இருந்திருந்தால் இருவரும் ஒருவர் வாசலை ஒருவர் மிதித்திருக்க மாட்டார்கள். புனாவில் ஒரே ஜில்லா என்பதே சொந்தமாகிவிட்டது.

மறுவருஷம், ஆதரவற்ற பெண்களுக்குச் சர்க்கார் மாதாமாதம் பணம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, ஜேசுராஜ்தான் அவளை ஆபீசுக்கு அழைத்துப்போனான். “இவ மாப்பிள்ளை செத்ததை நான் கண்ணால பாத்தேன்” என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னான். அவன் கண் கலங்கியதைப் பார்த்தே ஆபீசர் நம்பிவிட்டார். மாதம் அறுபது ரூபாய். வாடகைக்கே காணாது. ஆனந்தவல்லி அதை வாடகைக்கு எடுக்கவில்லை, அரிசிக்கும் எடுக்கவில்லை. அது ரமாவின் பள்ளிக்கூடத்துக்கு. ரமா மெட்ரிக் தேறிவிட்டால் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு டீச்சர் சொல்லியிருந்தாள். ஆனந்தவல்லிக்கு உலகத்தில் வேறு காரியம் எதுவும் இல்லை.

கோர்படியில் இருந்தவரை அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. அடுத்த லைனில் இருந்த ஒருவன் தீப்பெட்டி கேட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்தான். தீப்பெட்டி கொடுத்தால் மறுநாள் உப்பு. உப்புக்குப் பிறகு, சும்மா, எப்படி இருக்கிறாய் என்று. ரமாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவன் ரமாவையும் விசாரிக்கத் தொடங்கினான். அந்த மாதமே ஆனந்தவல்லி சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ஹடப்சருக்கு வந்துவிட்டாள்.

வந்த முதல் நாள் சந்தையில் அந்த ஊரில் தாலியாகப் போடும் கருமணி மாலை ஒன்றும், பச்சைக் கண்ணாடி வளையலும், ஒரு டப்பி குங்குமமும் வாங்கினாள். மராட்டிக்காரிகள் எப்படி வைத்துக்கொள்கிறார்களோ அப்படியே புருவத்துக்கு நடுவில் பெரிதாக வைத்துக்கொண்டாள். முதல் நாள் பாதியில் அழித்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுநாள் ஒரே தடவையில் வைத்தாள். காலையில் கூலியாட்கள் போய் நிற்கும் நாக்காவில் அவள் போய் நின்றபோது, ஆள் எடுக்க வந்தவர்கள் அவளிடம் வேலையைப் பற்றி மட்டும் பேசினார்கள். குங்குமம் ஒரு பூட்டு மாதிரி.

“புருஷன் என்ன பண்றான்?” என்று வீட்டுக்காரி ஹௌசாபாய் கேட்டாள். அறுபது வயதுக் கிழவி. கருக்கிய புகையிலைத் தூளைப் பல்லில் தேய்த்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தெரியாமல் அந்தச் சந்துக்குள் நாய்கூட நுழைய முடியாது.

“தேஹு ரோட்டுல, கிடங்குல.”

“வரவே மாட்டானா?”

“லீவு கிடையாது. நாங்கதான் போய்ப் பாக்கணும்.”

சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரமாவை அழைத்துக்கொண்டு லோக்கல் ரயிலில் தேஹு ரோடு போனாள். ஸ்டேஷன் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து கொண்டுவந்த சோற்றைத் தின்பார்கள். சிப்பாய்கள் இறங்குவார்கள், ஏறுவார்கள். ரமா நோட்டுப் புத்தகத்தை விரித்துக் கணக்குப் போடுவாள். சாயங்கால வண்டியில் திரும்பி வரும்போது ஹௌசாபாய் கேட்பாள், “எப்படி இருக்கான்?” “இளைச்சிட்டார்” என்பாள் ஆனந்தவல்லி. ஒருமுறை சளி என்றாள். அதற்கு ஹௌசாபாய் ஒரு கஷாயம் சொல்லிக்கொடுத்தாள்.

உதவிப் பணம் ஹடப்சருக்கு வரவில்லை. கோர்படியில் பழைய பக்கத்து வீட்டுக்காரி ஆரோக்கியமேரியின் விலாசத்துக்கே வந்துகொண்டிருந்தது. போய் வாங்கிவருவாள்.

எண்பத்திரண்டாம் வருஷக் கடைசியில் ஜேசுராஜ் ஹடப்சர் நாக்காவுக்கே தேடிக்கொண்டு வந்தான்.

“தங்கச்சி, தினம் வேலை. நின்னு காத்துக்கெடக்க வேண்டாம். கோர்படியில சோல்ஜர் வீடுக கட்டுதாங்க. எங்க சேட்டுக்குத்தான் காண்ட்ராக்ட். உன்னை மாதிரி ஆளுதான் வேணுமாம்.”

“என்னை மாதிரின்னா?”

“சர்க்கார் பணம் வாங்குத பொம்பளையாள். சேஷு சாரைக் கேளு, அவரு வெவரமாச் சொல்லுவாரு.”

சேஷு, கட்டட வேலைகளுக்குக் காண்ட்ராக்ட் கொடுக்கும் ஆபீசில் குமாஸ்தா. கும்பகோணத்துக்காரர். உதவித்தொகை வாங்கும் பெண்களுக்கு வேலை கொடுக்கும்படி காண்ட்ராக்டர்களைத் தூண்ட வேண்டும் என்று அந்த வருஷம் மேலே இருந்து சொல்லியிருந்தார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அப்படி ஆள் வைத்துக்கொள்ளும் காண்ட்ராக்டருக்கு அடுத்த வேலையில் முன்னுரிமை. அவன் பில்லும் மேஜையில் தூங்காது. மற்ற குமாஸ்தாக்கள் இதை ஃபைலில் போட்டு மறந்தார்கள். சேஷு மறக்கவில்லை. காண்ட்ராக்டர் யார் வந்தாலும் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசினார். இருபது வருஷமாகக் காகிதத்தைத் தள்ளிய மனிதருக்கு, தன் கையால் நாலு பேருக்குச் சோறு கிடைக்கப்போகிறது என்பதில் ஒரு பரவசம் இருந்தது.

“இங்க பாரும்மா,” என்றார் ஆனந்தவல்லியிடம், அவளுடைய உதவிப் பணக் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே. “முதல் ஒரு வருஷம் உதவிப் பணமும் நிக்காது, கூலியும் கிடைக்கும். அதுக்குள்ள நீ காலூணிண்டுடலாம். யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். என்ன சொல்றே?”

“செய்யுதேன் சார்.”

“பேஷ். எத்தனை குழந்தைகள்?”

“ஒரு பொண்ணு. ஒம்பதாவது படிக்கா.”

“படிக்க வை. நிறுத்திடாதே,” என்றார் சேஷு. அவர் நல்லவர். அதில் சந்தேகம் வேண்டாம்.

சேட்டுக்குப் பன்னிரண்டு பெண்கள் தேவைப்பட்டார்கள். ஜேசுராஜ் அலைந்தான். உண்மையில் உதவிப் பணம் வாங்கும் பெண்களில் பாதிப் பேர் கிழவிகள். மீதியில் பாதி நோயாளிகள். செங்கல் சுமந்து சாரத்தில் ஏறக்கூடியவள் என்று ஆனந்தவல்லியும் இன்னும் மூன்று பேருமே தேறினார்கள். மீதி எட்டுக்கு அவன் கோர்படி மாதா கோவில் தெருவுக்குப் போனான். அங்கே உள்ள கத்தோலிக்கப் பெண்கள் பொட்டு வைப்பதில்லை, மணிமாலை போடுவதில்லை. கழுத்தில் ஒரு மெல்லிய செயின் இருந்தால் உண்டு. மராட்டி ஆபீசர் கண்ணுக்கு அவர்கள் எல்லோரும் விதவைகள். ஜேசுராஜ் இதைக் கண்டுபிடித்த அன்று சேட் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். எட்டுப் பேர் புருஷன்களும் செத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக ஆபீசில் சாட்சி சொல்லி, அவர்களையும் உதவிப் பணப் பட்டியலில் ஏற்றினான் ஜேசுராஜ்.

ஆரோக்கியமேரி அந்த எட்டுப் பேரில் ஒருத்தி. அவள் புருஷன் எட்மண்ட் ரயில்வே கேன்டீனில் சஸ்பெண்டாகி வீட்டில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தான்.

“காலையில அவருக்குச் சாய் போட்டுக் குடுத்துட்டு, ஷேவிங்குக்கு வெந்நி வச்சுட்டு, விதவையாக் கெளம்பி வர்றேன் அக்கா,” என்றாள், ஜல்லிக் கூடையை இறக்கிக்கொண்டே. “‘ஜல்தி போடி, இன்னிக்கு உன் புருஷன் செத்துட்டான்’னு அவரே சொல்றாரு. பேஷரம். வெக்கங்கெட்ட மனுஷன்.”

“வாயைக் கழுவு,” என்றாள் ஆனந்தவல்லி.

“க்யூன், என்ன தப்பு? உனக்கு மட்டும் செத்தவரு உயிரோட இருக்கலாம். என் வூட்டுக்காரரு எட்டு மணி நேரம் சாகக் கூடாதா?”

ஆனந்தவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வேலையில் அவள் சிரித்த நாட்களும் உண்டு. ஆறு மாதம் ஒழுங்காகக் கூலி வந்தது. ரமாவுக்கு யூனிஃபாரம் இரண்டாவது செட் தைத்தாள். ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கினாள்.

பார்வையிட ஒரு ஆபீசரம்மா வரப்போகிறாள் என்று ஜூன் மாதம் தெரிந்தது. ஜேசுராஜ் எட்டுப் பெண்களையும் தனியாக உட்காரவைத்துப் பாடம் நடத்தினான். முக்காடு போட்டுக்கொள்ள வேண்டும். சிரிக்கக் கூடாது. புருஷன் எப்போது செத்தான் என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்ல வேண்டும். ஒரே வருஷத்தைச் சொல்லித் தொலைக்கக் கூடாது.

ஆனந்தவல்லி எட்டிப் பார்த்தாள். “நான் என்ன சொல்லணும் அண்ணாச்சி?”

“உனக்கு என்னத்துக்குப் பாடம்? நீ நெசம்லா,” என்றான் ஜேசுராஜ்.

அவன் சொன்னது அவளுக்கும் சரியாகத்தான் பட்டது. இருவருமே அவள் நெற்றிக் குங்குமத்தைப் பற்றி நினைக்கவில்லை. மூன்று வருஷமாக அது அங்கே இருந்தது, மூக்கு இருப்பதைப் போல.

ஆபீசரம்மா வந்தாள். குடையோடு, சேறு படாமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. சேட், சேஷு, ஜேசுராஜ் மூன்று பேரும் பின்னால். பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆரோக்கியமேரி முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தாள். ஆபீசரம்மா அவள் தோளைத் தொட்டு ஆறுதலாக ஏதோ சொன்னாள். அடுத்தவளையும் தொட்டாள். ஆனந்தவல்லியிடம் வந்ததும் நின்றாள். குங்குமத்தைப் பார்த்தாள், மணிமாலையைப் பார்த்தாள், கை வளையலைப் பார்த்தாள்.

“உன் புருஷன் எங்கே?” என்று மராட்டியில் உரக்கக் கேட்டாள்.

மேலே சாரத்தில் கொத்தனார்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலவை போடுகிறவர்கள், தண்ணீர் லாரிக்காரன், எல்லோரும். ஆறு மாதமாக இவள் பக்கம் ஒரு வார்த்தை தவறாகப் பேசாத ஆம்பளைகள். இத்தனை பேர் காதில் விழுகிற மாதிரி செத்துப்போனான் என்று சொல்ல வேண்டும். அவள் யோசிக்கும் முன்பே நாக்கு பழகிய பாதையில் போய்விட்டது.

“தேஹு ரோட்டுல வேலையா இருக்கார் அம்மா.”

ஜேசுராஜ் கண்ணை மூடிக்கொண்டான். ஆபீசரம்மா சேட்டைத் திரும்பிப் பார்த்து, “இந்த ஒருத்தி மட்டும் போலி. மற்றவர்கள் சரி,” என்றாள்.

அன்று மதியமே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உதவிப் பணத்தையும் நிறுத்தி வைத்தார்கள்.

இரண்டாம் நாள் அவள் சேஷுவின் ஆபீஸ் வராந்தாவில் போய் நின்றாள். சேஷு வெளியே வந்தார். கோபமாக இருக்க முயன்றார், முடியவில்லை.

“ஏன்ம்மா அப்படிச் சொன்னே? செத்தாரா, இருக்காரா?”

“செத்துட்டார் சார். நாலு வருஷமாச்சு.” பிறகு கோர்படியையும் தீப்பெட்டிக்காரனையும் நாக்காவையும் ரமாவையும் சொன்னாள். தேஹு ரோடு பெஞ்சைச் சொல்லவில்லை.

சேஷு அவள் சொன்னதை நம்பினார். “ஜேசுராஜ் வந்து சொன்னா ஆகாதா? அவன்தானே பார்த்தவன்?”

“கேட்டேன் சார். மாட்டேன்னுட்டாரு.”

ஜேசுராஜ் மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. “உன் ஒருத்திக்காக நான் வாயைத் தொறந்தா, மத்த எட்டுப் பேருக்கும் சாவை எவன் பாத்தான்னு கேப்பான் தங்கச்சி. அவ்வளவு பேரு அடுப்பும் அவிஞ்சிரும். நான் செயிலுக்குப் போவேன்,” என்று சொல்லி அவள் காலில் விழப் பார்த்தான். மாடசாமி செத்ததைப் பார்த்த மற்றவர்கள் வேலை தேடி எங்கெங்கோ போய்விட்டார்கள், மிச்சம் இருந்த கண்கள் அவனுடையவை. அவற்றைப் பொய்க்குக் கடன் கொடுத்துவிட்டதால், நிஜத்துக்கு எடுக்க முடியவில்லை.

“அப்போ ஒண்ணு செய்,” என்றார் சேஷு. “விசாரிக்க நீ இப்போ இருக்கற ஹடப்சருக்கே ஆள் வருவார். ஒரு வாரம், பத்து நாள்ல. அக்கம்பக்கத்துல இருக்கறவா இவ விதவைதான்னு சொன்னாப் போதும். அவாகிட்ட இப்பவே உண்மையைச் சொல்லி வை. இந்தக் கோலத்தோட நிக்காதே.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் சொற்களை அடுக்கிப் பார்த்தாள். ரமாவிடம் சொன்னாள். ரமா புத்தகத்தை மூடினாள்.

“எல்லாருக்கும் தெரிஞ்சா மக்... அப்புறம் என்ன ஆகும் அம்மா?” என்றாள், முந்திக்கொண்டு வந்த மராட்டியைத் தமிழாக மாற்றி.

“பணம் வரும். நீ பத்தாவது முடிப்பே.”

“அது இல்லே. மத்தது.”

ஆனந்தவல்லி அடுப்பு மூட்டப் போனாள்.

திங்கட்கிழமை காலை குழாயடியில் கூட்டமாக இருந்தது. அவள் குடத்தோடு போனாள். நெற்றியைக் கழுவியிருந்தாள். தேய்த்துக் கழுவியும் அந்த இடம் லேசாகச் சிவந்தே இருந்தது. மணிமாலை இல்லை. வளையலைக் கழற்ற முடியவில்லை, கை தடித்துப்போயிருந்தது. ஹௌசாபாய்தான் முதலில் பார்த்தாள். பல்லில் இருந்த விரல் நின்றது.

“என்னடி இது?”

“என் புருஷன் செத்துப்போயிட்டார்,” என்றாள் ஆனந்தவல்லி மராட்டியில். அடுக்கி வைத்திருந்த மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றன. நாலு வருஷம் முன்னால். சோலாப்பூர் சாலையில். நான் உங்களிடம் பொய் சொன்னேன்.

எதற்கும் இடம் கிடைக்கவில்லை. ஹௌசாபாய் இரண்டு கையாலும் மார்பில் அறைந்துகொண்டு ஓலமிட்டாள். குடங்கள் விழுந்தன. பெண்கள் ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ அவளை உட்காரவைத்தார்கள், யாரோ ரமாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்கள். ஹௌசாபாய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக் கல்லில் தட்டினாள். பச்சை வளையல்கள் சிதறின. ஒரு சில்லு சதையில் ஏறியது.

ஆனந்தவல்லி அப்போது அழுதாள். அடக்க முடியாமல் அழுதாள். கோர்படியில் மாடசாமியின் துண்டை வாங்கிக்கொண்ட அன்று அவளுக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. சாயங்காலம் வாடகை கேட்டு வீட்டுக்காரன் வந்துவிட்டான். யாரும் அவள் வளையலை உடைக்கவில்லை, யாரும் கட்டிக்கொள்ளவில்லை. இப்போது இந்த மராட்டிப் பெண்கள், அவனைக் கண்ணால் பார்த்திராதவர்கள், “அய்யோ, கஷாயம்கூடக் குடிச்சானா இல்லையோ” என்று அவனுக்காக அழுதார்கள். உடம்பைக் கிடங்குக்காரர்களே எரித்திருப்பார்கள் என்று அவர்களாகவே பேசி முடித்துக்கொண்டார்கள். அழுகை நின்ற பிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆனந்தவல்லி நினைத்தாள்.

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. முதல் கவளத்தைக் கசப்புக் கவளம் என்பார்கள். அடுத்த வீட்டார்தான் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஹௌசாபாய் சோள ரொட்டியைக் கடலைமாவுக் குழம்பில் தோய்த்து அவள் வாயில் திணித்தாள். பிறகு முறை வைத்துக்கொண்டு எல்லா வீட்டிலிருந்தும் சாப்பாடு வந்தது. தங்களுக்கே இல்லாத வீடுகளிலிருந்து. தறிப்பட்டறைக்குப் போகிற ஒருத்தி முட்டை கொண்டுவந்து ரமாவின் தட்டில் மறைத்து வைத்தாள். வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்பதால் தண்ணீரும் அவர்களே தூக்கி ஊற்றினார்கள். ஒவ்வொரு கவளத்துக்கும் உண்மை இன்னும் ஒரு அடி உள்ளே போனது.

மூன்றாம் நாள், சந்தின் முனையில் சாராயக் கடையில் நிற்கும் ஒருவன் ரமாவைப் பார்த்து ஏதோ சொன்னான். ஹௌசாபாய் ஈரத் துடைப்பத்தோடு அங்கே போனாள். அவள் பேசியதைச் சந்து முழுவதும் கேட்டது.

“அப்பன் செத்த பொண்ணுன்னா நாதியில்லேன்னு நினைச்சியா? அவ என் வாசல்ல இருக்கிற பொண்ணு. இன்னொரு தரம் அந்தப் பக்கம் பார்த்தே, கண்ணுல மிளகாய்த் தூளைத் தேய்ச்சுடுவேன்!”

அன்றிலிருந்து அவள் தன் பாயை ஆனந்தவல்லியின் வாசற்படிக்குக் கொண்டுவந்துவிட்டாள். குங்குமம் மூன்று வருஷம் செய்த காவலைக் கிழவி தானே எடுத்துக்கொண்டாள்.

விசாரிக்க ஒரு மனிதர் அந்த வார முடிவில் வந்தார். வழுக்கைத் தலை, தோளில் பை. சந்தில் பாதி வந்ததுமே பெண்கள் வழிமறித்துக்கொண்டார்கள். ஆனந்தவல்லி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ராவ்சாஹேப், இங்கே பாருங்க,” என்றாள் ஹௌசாபாய். “அவ விதவையான்னா கேட்கிறீங்க? இந்தக் கையாலதான் வளையலை உடைச்சேன். திங்கட்கிழமை. குழாயடியில. இதோ சில்லு இன்னும் கிடக்கு.”

“எந்தத் திங்கட்கிழமை?”

“இப்போ போச்சே, அதுதான். பத்தாம் நாள் காரியம்கூட இன்னும் ஆகலே.”

“அதுக்கு முன்னாடி புருஷன் இருந்தானா?”

“இருக்காம? தேஹு ரோட்டுல கிடங்குல. மாசாமாசம் இவங்க போய்ப் பார்ப்பாங்க. நல்ல மனுஷன். சளித் தொந்தரவு.” நாலைந்து குரல்கள் ஆமாம் ஆமாம் என்றன. அவளுக்கு உதவுகிறோம் என்ற வேகத்தில் ஒருத்தியை முந்தி ஒருத்தி பேசினாள். இளைத்திருந்ததை ஒருத்தி சொன்னாள். லீவு கொடுக்காத கிடங்கை ஒருத்தி திட்டினாள்.

அந்த மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஆனந்தவல்லி எழுந்து நின்றாள். ரமா பக்கத்தில்.

“போன திங்கட்கிழமைதான் செத்தானா?” என்று அவர் கேட்டார். குரல் கடுமையாக இல்லை. “யோசிச்சுச் சொல்லும்மா. அப்படின்னா, இத்தனை வருஷமா நீ வாங்கின பணம் பொய் சொல்லி வாங்கினது. திருப்பிக் கட்டணும். இனிமேல் கேட்டாலும் கிடைக்காது. வேற எதுவும் சொல்லணும்னா இப்போ சொல்லு.”

அவர் அவளுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார். அது அவளுக்குப் புரிந்தது. நாலு வருஷம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பணம் வரலாம். வராமலும் போகலாம், இத்தனை பெண்கள் சொன்னதை விட்டுவிட்டு அவர் அவளை நம்ப வேண்டுமே. ஆனால் சொன்ன அந்த நொடியில் வாசலில் நிற்கிற முகங்கள் என்ன ஆகும் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. தின்ற ஒவ்வொரு ரொட்டியும் களவாகிவிடும். ஹௌசாபாய் தன் பாயைச் சுருட்டிக்கொள்வாள். சாராயக் கடையில் நிற்கிறவன் அதைப் பார்ப்பான்.

ஹௌசாபாய் ஒன்றும் புரியாமல் அவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஆமா,” என்றாள் ஆனந்தவல்லி. “போன திங்கட்கிழமைதான். அதுவரைக்கும் இருந்தார். நான் பொய் சொல்லித்தான் பணம் வாங்கினேன்.”

ஹௌசாபாய் காறித் துப்பினாள். “வாங்கினா என்ன? வயிறு இருக்கே. உங்க ஆபீசுல யாரும் வாங்கலையா?”

பெண்கள் சிரித்தார்கள். அந்த மனிதரும் லேசாகச் சிரித்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

“ஏன் அப்படி சொன்னே?” என்றாள் ரமா. தமிழில் கேட்டாள், மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்று. “நீ ஜூட்... பொய்க்காரி இல்லே. எதுக்கு சொன்னே?”

“பாட்டி மூஞ்சியில அடிக்கச் சொல்லுதியாட்டி?”

“என் ஸ்கூல்?”

ஆனந்தவல்லி மகளின் தலையைத் தடவப் போனாள். ரமா தலையை நகர்த்திக்கொண்டாள்.

சேஷுவுக்குச் செய்தி போயிற்று. ஒரு நாள் கேம்ப் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தார். பார்க்காததுபோல் நிற்கலாமா என்று யோசித்து, பிறகு கிட்டே வந்தார்.

“நான் உன்னை நம்பினேன். வராந்தாவுல நின்னு அழகாக் கதை சொன்னே. உன்னை மாதிரி ரெண்டு பேர் போதும், இந்தத் திட்டத்தையே மேல இருக்கறவா மூடிடுவா. நிஜமா கஷ்டப்படறவாளுக்குத்தானே நஷ்டம்? அந்த ஆரோக்கியமேரியைப் பாரு. பாவம், புருஷனைப் பறிகொடுத்துட்டு எவ்வளவு நாணயமா உழைக்கறா.”

“ஆமா சார்,” என்றாள் ஆனந்தவல்லி.

சேட்டுக்கு அடுத்த காண்ட்ராக்டும் கிடைத்தது. பன்னிரண்டாவது இடத்துக்கு ஜேசுராஜ் மாதா கோவில் தெருவிலிருந்தே இன்னொருத்தியைக் கொண்டுவந்தான். ஆனந்தவல்லிக்கு ஒரு கிறிஸ்துமஸுக்கு அரை மூட்டை அரிசி அனுப்பினான். அவள் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலைமையில் அவள் இல்லை.

வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் காகிதம் வந்திருந்தது. தீபாவளி லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது ரமா போகவில்லை. ஹடப்சர் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் ஷெட் ஒன்றில், நல்ல மூடியையும் நெளிந்த மூடியையும் பிரித்துப் போடும் வேலை. ஹௌசாபாயின் மருமகள் அங்கே வேலை பார்த்ததால் உடனே கிடைத்தது. முதல் நாள் காலை ஹௌசாபாயும் கூடவே கிளம்பினாள். ஒரு பக்கம் கிழவி, ஒரு பக்கம் மருமகள், நடுவில் ரமா. சந்து முனையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ரமா யாரையும் பார்க்காமல், திரும்பியும் பார்க்காமல் நடந்தாள்.

அவர்கள் மெயின் ரோட்டில் திரும்பும் வரை ஆனந்தவல்லி வாசலில் நின்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நாக்காவுக்குப் போனாள்.